கையால் எழுத்து வரையப் பழகுவோம்: எந்த மார்க்கரில் தொடங்கலாம்?

கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று சொல்லித் தங்கள் கிறுக்கலுக்குச் சமாதானம் தேடிக்கொண்டவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. லெட்டரிங் கற்றுக்கொள்ள நல்ல கையெழுத்து தேவையே இல்லை. கையெழுத்து வேகத்தில், யோசிக்காமல், பழக்கத்தில் வருவது. லெட்டரிங்கில் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு படமாக நினைத்து வரைகிறோம். பென்சிலில் போட்டுப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம், ஒரு பக்கம் தடிமன் ஏற்றலாம், வாலை இழுத்து நீட்டலாம். ஒரே சொல்லுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று கேலிகிராஃபி. அதில் எழுத்தை எழுதத்தான் செய்கிறோம், வரைவதில்லை. பேனாவின் முனை வெட்டப்பட்ட விதமும் அதைப் பிடிக்கும் கோணமும் தடிமனையும் மெல்லிசையும் தாமாகவே தந்துவிடும். ஒரு கோட்டை ஒரே இழுப்பில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும், திரும்பி வந்து திருத்துவது அதன் இயல்பு அல்ல. இன்னொன்று எழுத்துரு, அதாவது ஃபான்ட். அங்கே ஒரு 'க' வரைந்துவிட்டால் ஆயிரம் இடத்திலும் அதே 'க' வரும். லெட்டரிங்கில் அந்தக் கட்டாயமும் இல்லை. ஒரே சொல்லில் வரும் இரண்டு 'க'வும் பக்கத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்துக் கொஞ்சம் வேறு வேறாக இருக்கலாம். நடைமுறையில் இந்த எல்லைகள் கலந்துதான் கிடக்கின்றன. அழுத்தினால் வளையும் முனையுள்ள பிரஷ் பேனாவால் ஒரே இழுப்பில் எழுதுவதையும் பலர் லெட்டரிங் என்றே சொல்கிறார்கள். சொல்லட்டும், தொடங்குகிறவருக்கு இரண்டுமே தேவைப்படும்.

மார்க்கர் இல்லாமலே முதல் பாடம்

கையால் வரைந்த எழுத்தின் அழகில் பாதி, கோட்டின் தடிமன் மாறுவதில் இருக்கிறது. பொது விதி எளிது: கை கீழே வரும்போது கோடு தடிமன், மேலே போகும்போது மெல்லிசு. கூர்முனை உலோக நிப்பால் எழுதிய காலத்திலிருந்து வரும் விதி இது. அந்த நிப் நடுவில் பிளந்திருக்கும். கீழே இழுக்கும்போது அழுத்தினால் பிளவு விரிந்து மை அதிகமாக இறங்கும். மேலே தள்ளும்போது அழுத்தினால் தாளைக் குத்திவிடும், அதனால் லேசாகத்தான் போக முடியும். கருவியின் குணம் எழுத்தின் அழகாகவே மாறிவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள எந்த மார்க்கரும் வேண்டாம். சாதாரணப் பந்துமுனைப் பேனாவையோ பென்சிலையோ எடுத்து ஒரு சொல்லைக் கொஞ்சம் பெரிதாக, இடைவெளி விட்டு எழுதுங்கள். பிறகு கை எங்கெல்லாம் கீழ்நோக்கி வந்ததோ அங்கெல்லாம் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு, நடுவே நிரப்புங்கள். அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் பிரஷ் பேனாவால் எழுதியது போலவே இருக்கும். போலி கேலிகிராஃபி என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் போலி, சொல்லித் தருவது உண்மையான பாடம். எந்தக் கோடு தடிக்க வேண்டும் என்பது கண்ணுக்குப் பழகும் முன்பே பிரஷ் பேனா வாங்கினால், ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

தமிழில் இதற்கு மிகப் பொருத்தமான எழுத்து 'ப'. இடது காலைக் கீழே இழுக்கிறோம், அது தடிமன். அடிக்கோட்டில் வலப்பக்கம் போகிறோம், அங்கே மெல்லிசாக்கலாம். பிறகு வலது காலை மேலே ஏற்றுகிறோம், அதுவும் மெல்லிசு. அழுத்துவது, விடுவது, விட்டபடியே போவது என்று மூன்றும் ஒரே எழுத்தில் வந்துவிடுகின்றன. ஒரு பக்கம் முழுக்க 'ப' போட்டுப் பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் 'ட', 'ம', 'ய' மூன்றும் அதற்குப் பிறகு பாதி வேலையாகிவிடும்.

மார்க்கரில் பார்க்க வேண்டியது முனையை

கடையிலோ இணையத்திலோ மார்க்கர் பார்க்கப் போனால் கண்ணில் முதலில் படுவது நிறம். 24 நிறம், 48 நிறம், பெட்டி திறந்தால் வானவில். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் பணத்தைப் போடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் சில மாதங்களுக்குக் கறுப்பு ஒன்றே போதும். கோட்டின் வடிவம் சரியா தப்பா என்பது கறுப்பில்தான் ஒளிவுமறைவில்லாமல் தெரியும். வெளிர் மஞ்சளில் எழுதினால் நடுங்கிய கைகூட மறைந்துவிடும், அதனால் எதையும் கற்றுக்கொள்ளவும் முடியாது. நிறத்துக்குப் பதிலாகப் பார்க்க வேண்டியது முனை.

முனைகளில் மிக எளிமையானது உருண்டை முனை. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே தடிமனில் கோடு விழும். சாதாரண ஸ்கெட்ச் பேனா, பெர்மனென்ட் மார்க்கர் எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. நேராக நிற்கும் பட்டை எழுத்துகள், கார்ட்டூன் எழுத்துகள், பலகையில் எழுதுவது ஆகியவற்றுக்கு இது போதும். இதே குடும்பத்தில் மெல்லிய கோட்டுப் பேனாக்களும் உண்டு. சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் அதில் பெயர் பெற்றது. அதன் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: 01 என்றால் கோடு 0.25 மி.மீ., 05 என்றால் 0.45 மி.மீ. பென்சிலில் வரைந்த எழுத்துக்கு வெளிக்கோடு போடவும், உள்ளே சின்னச் சின்ன அலங்காரம் செய்யவும் இது கையில் ஒன்று இருப்பது நல்லது.

அடுத்தது பட்டை முனை. உளி போலச் சரிவாக வெட்டியிருக்கும், சிசல் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். இதில் அழுத்தத்துக்கு வேலையே இல்லை. முனையை ஒரே கோணத்தில் திருப்பாமல் வைத்துக்கொண்டு எழுதினால், ஒரு திசையில் அகலமான கோடும் இன்னொரு திசையில் மெல்லிய கோடும் வரும். சாய்வான இட்டாலிக் நடைக்கு முனை ஏறத்தாழ 45 டிகிரி சாய்ந்திருக்கும். எழுத்தின் உயரத்தை முனையின் அகலத்தால் அளப்பது இந்த வகையின் வழக்கம். இட்டாலிக்கில் ஆங்கிலச் சின்ன எழுத்தின் உடல், அதாவது மேலே நீளும் கொம்பும் கீழே இறங்கும் வாலும் நீங்கலான பகுதி, முனையின் அகலத்தைப் போல் 5 மடங்கு. ஆக 2 மி.மீ. முனை என்றால் 10 மி.மீ. உயரத்துக்குக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அதைவிடக் குட்டையாக எழுதினால் எழுத்தின் உள்வெளி அடைத்துப்போய்க் கறுப்புத் திட்டாகிவிடும். இந்த நடை பிடித்துப்போனவர்கள் பின்னாளில் பைலட் பேரலல் பேனாவுக்குப் போகிறார்கள். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே மை இறங்கும் பேனா அது. 1.5, 2.4, 3.8, 6.0 மி.மீ. என்று அகலங்கள் உண்டு.

மூன்றாவதுதான் எல்லாரும் தேடி வரும் பிரஷ் முனை. கூம்பு வடிவில் இருக்கும், அழுத்தினால் வளையும். நுனி மட்டும் தாளைத் தொட்டால் மயிரிழைக் கோடு, அழுத்தினால் பக்கவாட்டு முழுதும் படிந்து தடித்த கோடு. முடி முடியாக இழைகள் உள்ள உண்மையான தூரிகைப் பேனாக்களும் உண்டு, பென்டெல் பாக்கெட் பிரஷ் அப்படிப்பட்டது. அழகான கருவிதான், ஆனால் கையின் சின்ன நடுக்கத்தையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். முதல் பேனாவாக அது வேண்டாம்.

பிரஷ் முனையிலும் சின்னது, பெரியது, விறைப்பானது, மெத்தென்றது என்று வேறுபாடுகள் இருக்கின்றன. இதில்தான் தேர்வு நடக்கிறது. தொடங்குகிறவருக்குச் சின்ன, விறைப்பான முனைதான் நல்லது. சாதாரணப் பேனாவின் எதிர்ப்பு அதில் கொஞ்சம் மிச்சம் இருப்பதால் கை பதறாது, அழுத்தினால் ஓர் அளவுக்கு மேல் விரியவும் செய்யாது. டோம்போ ஃபுடெனோசுகே பேனாவில் விறைப்பு முனை, மென் முனை இரண்டும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. விறைப்பைக் கேட்டு வாங்குங்கள். பென்டெல் ஃபுடே டச் சைன் பேனாவும் இதே அளவு, கொஞ்சம் கூடுதலாக வளையும். இவற்றால் எழுதும்போது எழுத்தின் உடல் ஒரு செ.மீ. உயரத்துக்குள் அடங்கிவிடும்.

டோம்போ டூயல் பிரஷ் போன்ற பெரிய முனைகள் படங்களில் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஒரு பக்கம் பெரிய பிரஷ், மறுபக்கம் மெல்லிய முனை, நூற்றுக்கும் மேற்பட்ட நிறங்கள். ஆனால் அந்த முனைக்கு எழுத்து ஒன்றரை செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். விரலை மட்டும் அசைத்து அவ்வளவு பெரிய எழுத்தை எழுத முடியாது, முழங்கை வரைக்கும் நகர வேண்டும். பெரிய முனையை வாங்கி, நோட்டுப் புத்தக அளவில் எழுதப் பார்த்து, 'எனக்கு இது வராது' என்று மூடி வைத்தவர்கள் ஏராளம். அவர்கள் கையில் ஒரு குறையும் இல்லை, பேனாதான் அந்த அளவுக்குப் பெரியது.

இத்தனை செலவும் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. குழந்தைகள் வண்ணம் தீட்டும் தடித்த ஸ்கெட்ச் பேனாவில் கூம்பு முனை உள்ளதை எடுங்கள். கிரயோலாவின் அகலக்கோட்டு மார்க்கர் அப்படித்தான் இருக்கும். முனை வளையாது. ஆனால் நுனியால் மேலே போய், பக்கவாட்டைச் சாய்த்துக் கீழே இழுத்தால் தடிமன் வித்தியாசம் நன்றாகவே கிடைக்கும். கெட்டுப்போனாலும் மனம் பதறாது என்பதால், பயிற்சிக்கு இதைவிடத் தைரியம் தரும் பேனா கிடையாது.

மை

மையைப் பற்றி மூன்று செய்திகள் தெரிந்தால் போதும். தண்ணீர் சார்ந்த மை தாளில் அதிகம் ஊடுருவாது, மணம் குறைவு, நிறங்களைக் கலக்கலாம். பெரும்பாலான பிரஷ் பேனாக்கள் இந்த வகை. ஆல்கஹால் சார்ந்த மை சட்டென்று உலரும், பரப்பி நிறம் தீட்டினால் கோடு கோடாகத் தெரியாது, ஆனால் தாளின் மறுபக்கம் வரைக்கும் இறங்கிவிடும். ஷார்ப்பி பெர்மனென்ட் மார்க்கர், ஓவியர்கள் விரும்பும் காபிக் இரண்டும் இந்தக் கட்சி. சாதாரணத் தாளில் இவற்றால் எழுதினால் கோட்டின் விளிம்பு கூர்மையாக நிற்காமல் பரவும், அடியில் இருக்கும் தாளும் கறையாகும். மூன்றாவது பெயின்ட் மார்க்கர். யூனி போஸ்கா போன்றவற்றில் இருப்பது தண்ணீரில் கலந்த வண்ணப்பொடி. குலுக்கி, முனையை அழுத்தி மை இறக்கி எழுத வேண்டும். கறுப்புத் தாள், கண்ணாடி, மரம், கல் எதன் மீதும் நிறம் மூடி நிற்கும். கறுப்பு அட்டையில் வெள்ளை எழுத்து வேண்டும் என்றால் வேறு யோசனையே வேண்டாம், இதுதான்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சாய மை, நிறமி மை. சாயம் நீரில் முழுக்கக் கரைந்திருக்கும், பளிச்சென்று இருக்கும், வெயில் பட்டால் நாளாவட்டத்தில் வெளுக்கும். நிறமி என்பது கரையாமல் மிதக்கும் நுண்ணிய துகள், அது தாளின் மேல் தங்கி நெடுநாள் நிற்கும். சுவரில் மாட்டப் போகிறீர்கள் என்றால் நிறமி மையைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். பயிற்சித் தாளுக்கு இதையெல்லாம் யோசிக்க வேண்டியதில்லை.

பேனாவை அழிப்பது தாள்

பிரஷ் பேனா வாங்கியவர்களின் பொதுவான புகார், 'ஒரு வாரத்தில் முனை சிலும்பிவிட்டது' என்பது. குற்றவாளி பெரும்பாலும் தாள்தான். அச்சிடப் பயன்படும் சாதாரண ஏ4 தாள் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதன் மேற்பரப்பு நாரும் சொரசொரப்பும்தான். விரலைவிட முனைக்கு அது நன்றாகத் தெரியும். அழுத்தி இழுக்கும் ஒவ்வொரு முறையும் முனையின் நுனி கொஞ்சம் தேய்ந்துகொண்டே வரும். நுனி போய்விட்டால் மெல்லிசுக் கோடு வராது, மெல்லிசு வராவிட்டால் பிரஷ் பேனாவுக்கு ஏது வேலை?

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்று குறிப்பிடுவார்கள், ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பது அது. ஏ4 என்பது சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். ஆனால் கனமான தாள் என்றால் நல்ல தாள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நீர்வண்ண ஓவியத்துக்கான 300 ஜிஎஸ்எம் தாள் கனமானது, அதன் சொரசொரப்பு பிரஷ் முனைக்கு எமன். ரோடியா நோட்டுத் தாள் 80 ஜிஎஸ்எம்தான், ஆனால் வழவழப்பானது, முனைக்கு இதமானது. எனவே பார்க்க வேண்டியது வழவழப்பு. கனம் அதற்குப் பிறகுதான். 100 முதல் 120 ஜிஎஸ்எம் வரை உள்ள, லேசர் அச்சுக்கென்று விற்கப்படும் மழமழப்பான தாள் பயிற்சிக்கு நன்றாகப் போகும்.

டிரேசிங் ஷீட்டை இன்னும் அதிகமாகப் பரிந்துரைப்பேன். முனை வழுக்கிக்கொண்டு போகும். அடியில் கோடு போட்ட தாளையோ நல்ல மாதிரி எழுத்தையோ வைத்து மேலே எழுதிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் பென்சிலால் கோடு போட்டு அழிக்கும் வேலை மிச்சம். மை உலரக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், கை படாமல் பார்த்துக்கொண்டால் சரி.

பிடிப்பும் அடிப்படைக் கோடுகளும்

பள்ளியில் பேனாவை நிமிர்த்திப் பிடித்துப் பழகியிருப்போம். பிரஷ் பேனாவை அப்படிப் பிடித்தால் நுனி மடங்கும். துடைப்பத்தைச் செங்குத்தாக நிறுத்தி யாராவது கூட்டுவார்களா? சாய்த்து இழுத்தால்தான் இழைகள் தரையில் படியும். பேனாவும் அப்படியே: தாளுக்கு ஏறத்தாழ 45 டிகிரி சாய்வு, நுனி கோட்டின் ஒரு பக்கமாக இருக்கும்படி கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடித்தால், அழுத்தும்போது முனையின் வயிறு தாளில் படியும். தாளையும் நேராக வைக்க வேண்டும் என்றில்லை. உங்கள் கைக்கு எந்தப் பக்கம் திருப்பினால் கீழிழுப்பு இயல்பாக வருகிறதோ அப்படித் திருப்பிக்கொள்ளுங்கள்.

முதலில் எழுத்துகளை விட்டுவிட்டுக் கோடுகளை மட்டும் போடுங்கள். மெல்லிய ஏற்றம், தடித்த இறக்கம். பிறகு இறக்கத்தில் தொடங்கி அடியில் வளைந்து மெல்லிசாக ஏறும் வளைவு, அதன் தலைகீழ், இரண்டும் சேர்ந்த அலை, முட்டை வடிவம், மேலும் கீழும் போகும் சுழி. ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் பெரும்பாலானவை இந்த ஏழெட்டுத் துண்டுகளை ஒட்டித்தான் உருவாகின்றன. அதனால்தான் ஒவ்வொரு துண்டு முடிந்ததும் பேனாவைத் தூக்குகிறார்கள். ஒரு சொல்லை ஒரே மூச்சில் எழுதியிருப்பார்கள் என்று பார்ப்பவர் நினைப்பார். உண்மையில் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு மூன்று முறை கை நின்று, அடுத்த துண்டு எங்கே தொட வேண்டும் என்று பார்த்துத்தான் நகர்ந்திருக்கும்.

கடினமானது தடிமனும் மெல்லிசும் அல்ல, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடம். அடி வளைவுக்கு வந்து சேர்ந்த பிறகு அழுத்தத்தை விட்டால் வளைவு குண்டாகிவிடும். வளைவு தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பே விடத் தொடங்க வேண்டும். மெதுவாகப் போனால்தான் இது கைக்குப் புரியும். வேகமாக எழுதுபவர்களின் காணொளிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம், பல காணொளிகளில் வேகத்தைக் கூட்டித்தான் போடுகிறார்கள். மெல்லிய ஏற்றத்தில் கோடு நடுங்குவது எல்லாருக்கும் வரும். மூச்சை அடக்கிக்கொண்டு எழுதுவதும் அதற்கு ஒரு காரணம்.

தமிழ் எழுத்துக்கு என்ன வேறுபாடு?

பயிற்சித் தாள்களும் பாடங்களும் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளுக்குத்தான் கிடைக்கின்றன. அவற்றில் கற்ற கையழுத்தம் தமிழுக்கும் உதவும். ஆனால் சில கணக்குகளை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் கணக்கு சுழி. 'கண்ணன்' என்று எழுதிப் பாருங்கள். 'ண'வில் மூன்று சுழி, 'ன'வில் இரண்டு. சொல்லின் உயரத்தை நிர்ணயிப்பது இந்தச் சுழிகள்தாம். சுழியின் உள்ளே வெள்ளை தெரிய வேண்டும் என்றால் எழுத்தைப் பெரிதாக்க வேண்டும், அல்லது முனையைச் சின்னதாக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு முனையைத் தேர்ந்தெடுக்கும் முன் அதில் இருக்கும் மிக நெருக்கமான எழுத்தை மட்டும் ஓர் ஓரத்தில் எழுதிப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். அது அடைக்காவிட்டால் மற்றவையும் அடைக்காது.

இரண்டாவது, மேலும் கீழும் விட வேண்டிய இடம். நடுப்பட்டையில் எழுத்தின் உடல் இருக்கும். அதற்கு மேலே புள்ளியும் 'கி', 'கீ' போன்றவற்றின் கொக்கியும், கீழே 'கு', 'மு' போன்றவற்றின் வாலும் வரும். ஆகவே நான்கு கோடுகள் போட்டுக்கொள்ளலாம்: உடலுக்கு இரண்டு, மேலெல்லைக்கு ஒன்று, கீழெல்லைக்கு ஒன்று. இரண்டு வரிகள் எழுதும்போது மேல் வரியின் வாலும் கீழ் வரியின் கொக்கியும் முட்டிக்கொள்ளும் இடத்தைப் பென்சில் கட்டத்திலேயே கண்டுபிடித்துவிட வேண்டும். முட்டும் இடத்தை இடைஞ்சலாக நினைக்காமல், வாலைச் சுற்றிக் கொக்கியோடு இணைத்துவிடுபவர்கள் உண்டு. தமிழ் லெட்டரிங்கில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

மூன்றாவது, கிடைக்கோடு. 'ட', 'ப', 'ம', 'ய' என்று அடியில் படுத்த கோடு உள்ள எழுத்துகள் தமிழில் நிறைய. ஏற்றம் மெல்லிசு, இறக்கம் தடிமன் என்ற விதி படுத்த கோட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மெல்லிசாகவும் விடலாம், பாதி அழுத்தமும் கொடுக்கலாம். எதைத் தேர்ந்தாலும் அந்தச் சொல் முழுக்க அதையே கடைப்பிடிக்க வேண்டும். 'ப'வின் அடி மெல்லிசாகவும் 'ம'வின் அடி தடிமனாகவும் இருந்தால், எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ உறுத்தும்.

ஒரு சொல்லை முழுதாக வரைவது

ஒரு சின்ன வாசகத்தை எடுத்துக்கொள்வோம். நேரடியாக நல்ல தாளில் மார்க்கரை வைக்காதீர்கள். முதலில் தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் நான்கைந்து போட்டு, சொற்களை எங்கே உட்கார வைக்கலாம் என்று கிறுக்கிப் பாருங்கள். எந்தச் சொல் பெரிதாக நிற்க வேண்டும், எது பின்னால் ஒதுங்கலாம் என்பது இங்கே முடிவாகும். எல்லாச் சொல்லும் பெரிதாக, எல்லாம் வளைந்து நெளிந்து இருந்தால் கண் எங்கேயும் தங்காது. முக்கியமான ஒரு சொல்லைப் பிரஷ் நடையில் விட்டு, மற்றவற்றை நேரான மெல்லிய எழுத்தில் போடுவது தொடக்கத்தில் தவறாத ஏற்பாடு.

பிடித்த கட்டத்தைப் பெரிதாக்கிப் பென்சிலில் போடும்போது இடைவெளியைக் கவனியுங்கள். ஸ்கேலால் அளந்து சமமாக விட்டால் கண்ணுக்குச் சமமாகத் தெரியாது. 'படம்' என்ற சொல்லில் 'ட'வின் வலப்பக்கம் மேலே திறந்து கிடக்கிறது. அடுத்து வரும் 'ம்'ஐக் கொஞ்சம் நெருக்கி வைத்தால்தான் அந்த ஓட்டை தெரியாது. எழுத்துகளுக்கு இடையே உள்ள தூரத்தைப் பார்க்காமல், அங்கே தேங்கும் வெள்ளையின் அளவைப் பார்க்க வேண்டும். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். சொல் வாசிக்க முடியாமல் போனதும் வெள்ளை மட்டும் கண்ணில் படும், நெருக்கடியான இடமும் காலியான இடமும் உடனே தெரிந்துவிடும். உருண்டையான எழுத்துகளை மேல்கோட்டையும் அடிக்கோட்டையும் ஒரு மயிரிழை தாண்டிப் போகவிடுங்கள். சரியாகக் கோட்டில் நிறுத்தினால் பக்கத்து எழுத்தைவிடக் குள்ளமாகத் தெரியும்.

மை போட்ட பிறகு அவசரப்பட்டு ரப்பரைத் தேய்க்கக் கூடாது. முழுக்க உலர்ந்த பிறகும், தண்ணீர் மையின் மேல் ரப்பர் போனால் கறுப்பு கொஞ்சம் மங்கும். பென்சில் கோட்டை முதலிலேயே லேசாகப் போடுவது, அல்லது அடியிலிருந்து வெளிச்சம் வரும் விளக்குப் பலகையின் மேல் வைத்து வேறு தாளில் மை போடுவது, இரண்டில் ஒன்று செய்யலாம். பகலில் ஜன்னல் கண்ணாடியே விளக்குப் பலகைதான்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் எழுதிய இடத்தின் மேலேயே கை போவதால் மை அப்பிக்கொள்ளும். தாளை நன்றாகத் திருப்பி, வரிக்குக் கீழே கை இருக்கும்படி வைத்தால் பாதித் தொல்லை தீரும். தவிர இது வரைவதுதானே, வலப்பக்கத்திலிருந்து தொடங்கி முடிப்பதற்கும் தடையில்லை. கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்வது வலக்கைக்காரர்களுக்கும் நல்லது, தோலின் எண்ணெய் பட்ட இடத்தில் மை சரியாக ஒட்டாது.

அடுத்த மார்க்கர் எப்போது?

சின்ன விறைப்பு முனையில் ஏற்றமும் இறக்கமும் தெளிவாகப் பிரிந்து, வளைவுகள் குண்டாகாமல் வரத் தொடங்கியதும் பெரிய முனைக்குப் போகலாம். அப்போதும் முழுப் பெட்டி வேண்டாம், ஒரே குடும்பத்து நிறங்களில் இரண்டு மூன்று போதும். தண்ணீர் மையில் நிறம் கலப்பது சுலபம். ஒரு பிளாஸ்டிக் உறையில் அடர் நிறத்தைக் கொஞ்சம் தேய்த்து, வெளிர் நிறப் பேனாவின் நுனியால் அதைத் தொட்டு எழுதினால், கோடு அடர்த்தியாகத் தொடங்கிப் போகப்போக வெளிறும். பேனா கெட்டுவிடுமோ என்று பயப்பட வேண்டாம், பழைய தாளில் கொஞ்சம் கிறுக்கினால் பழைய நிறத்துக்கே திரும்பிவிடும். வெளிர் நிறத்தில் அடரைத் தொட வேண்டும், மாற்றிச் செய்தால் கலந்ததே தெரியாது.

இரண்டு முனையுள்ள மார்க்கர்களைப் படுக்க வைத்தே வைத்திருங்கள், நிறுத்தி வைத்தால் மை ஒரு பக்கமாக இறங்கி மறுமுனை காயும். மூடியைச் சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள். மை தீர்ந்துகொண்டிருக்கும் பிரஷ் பேனாவைத் தூக்கிப் போட வேண்டாம். வேகமாக இழுத்தால் நடுவே வெள்ளை வெள்ளையாக விட்டுப்போகும் உலர்ந்த கோடு அதில்தான் வரும். சுவரொட்டி எழுத்துக்கு அந்தச் சொரசொரப்பைத் தேடிப் பிடிப்பவர்கள் உண்டு. முனை சிலும்பிய பேனாவைப் பெரிய எழுத்துகளின் உட்புறம் நிரப்ப ஒதுக்கி வையுங்கள், நல்ல பேனாவை அந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.